ஆல்ஃபா ரோமியோவும் டிக்கிக்குள்ள இருந்த விங்கும்: 1994 பிரிட்டிஷ் டூரிங் கார் சீசன், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ரேஸ் வீடியோ ஒண்ணு ரெண்டு பார்த்துட்டு, "அந்த சிவப்பு ஆல்ஃபா (இத்தாலி கம்பெனி ஆல்ஃபா ரோமியோவோட கார்) ஏன் அப்படி தனியா ஓடிப் போகுது, ஏன் நடுவுல ஒரு ரேஸ்ல ஆளையே காணோம், அந்த வால்வோ ஸ்டேஷன் வேகன் நிஜமாவே ரேஸ்ல ஓடுச்சா"ன்னு கேக்குறவங்களுக்காக இது. வரிசையா படிக்கணும்னு இல்ல, ஆனா விங் (காத்தை வெச்சு காரைத் தரையோட அழுத்த பின்னாடி மாட்டுற பலகை) மேட்டர் மட்டும் கேள்வி 4ல இருந்து 8 வரைக்கும் ஒரே மூச்சுல படிச்சாத்தான் புரியும்.

1. பிடிசிசின்னா என்ன, எப்ப ஆரம்பிச்சது?

பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப். 1958ல பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப்ங்கிற பேர்ல ஆரம்பிச்சு, 1987ல இப்ப இருக்கிற பேருக்கு மாறுச்சு. முதல் சீசனே ஒரு கூத்துதான், ஜாக் சியர்ஸும் டாமி சாப்வித்தும் சமமா பாயிண்ட்ஸ் எடுத்துட்டாங்க, அதனால ஒரே மாதிரி ரெண்டு ரைலி 1.5 காரைக் குடுத்து பிராண்ட்ஸ் ஹேட்ச்ல ஓட விட்டு முடிவு பண்ணாங்க, சியர்ஸ் ஜெயிச்சார்.

ரொம்ப வருஷம் இது பல கிளாஸ் கலந்து ஓடுற சாம்பியன்ஷிப். பெரிய இன்ஜின் காரும் சின்ன இன்ஜின் காரும் ஒரே ட்ராக்ல ஓடும், ஒவ்வொரு கிளாஸுக்கும் தனி பாயிண்ட்ஸ், பாக்குறவனுக்கு யாரு முன்னாடி யாரு பின்னாடின்னே புரியாது, முன்னாடி ஓடுறவன் சாம்பியனா இருக்கணும்னு அவசியமும் இல்ல. 1991ல அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு 2 லிட்டர் கார் மட்டும்தான்னு ஒரே கிளாஸ் ஆக்குனாங்க, அங்கதான் கதை சூடு பிடிக்குது.

2. 1994ல ரூல்ஸ் என்ன மாதிரி இருந்துச்சு?

சுருக்கமா: நாலு கதவு ஃபேமிலி கார், 2 லிட்டர் இன்ஜின், டர்போ கூடாது, இன்ஜின் 8,500 ஆர்பிஎம்முக்கு மேல சுத்தக் கூடாது. பவர் கிட்டத்தட்ட 300 குதிரைத் திறன் பக்கத்துல வரும். உள்ள சீட்டு, கார்பெட் எல்லாம் உருவிட்டு ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஆளைக் காப்பாத்துற இரும்புக் கூண்டு) போட்டுக்கலாம், சஸ்பென்ஷனை மாத்திக்கலாம், ஆனா வெளித் தோற்றம் ஷோரூம்ல விக்கிற கார் எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்கங்க, சண்டை மொத்தமும் இதுலதான் வந்துச்சு.

இன்ஜின் பின் சக்கரத்தைச் சுத்துற பிஎம்டபிள்யூ மாதிரி காருக்கு, முன் சக்கரத்தைச் சுத்துற காரை விட கூடுதல் வெயிட் கட்டாயம். ஏன்னா ரேஸ் ஸ்டார்ட்ல பின் சக்கரக் காரு குப்புன்னு கிளம்பிடும், டயரையும் சமமா தேய்க்கும், அந்த லாபத்தை ஈடு கட்டத்தான். பிற்காலத்துல வந்த மாதிரி ஜெயிச்சவன் காருல வெயிட் ஏத்துறது, கிரிட்டைத் (ஸ்டார்ட்ல கார் நிக்கிற வரிசையை) தலைகீழாப் போடுறது எல்லாம் அப்ப கிடையாது. வேகமா இருந்தா வேகமா ஓடலாம், யாரும் இழுத்துப் பிடிக்க மாட்டாங்க.

3. யார் யார் ஓட்டுனாங்க?

இதைப் படிச்சாலே ஏன் ஜனங்க இன்னும் இந்த சீசனைப் பத்தி பேசுறாங்கன்னு புரியும். பத்து கம்பெனி கார் கிரிட்ல நின்னுச்சு: ஆல்ஃபா ரோமியோ, பிஎம்டபிள்யூ, ஃபோர்டு, மாஸ்டா, நிசான், பெஜோ, ரெனோ, டொயோட்டா, வாக்ஸ்ஹால், வால்வோ. இதெல்லாம் சும்மா ஸ்டிக்கர் ஒட்டுன கார் இல்ல, கம்பெனி காசுல ஓடுன டீம்கள்.

முந்தின வருஷ சாம்பியன் ஜெர்மனிக்காரர் யோவாகிம் விங்கெல்ஹாக் பிஎம்டபிள்யூ 318ஐல. ரெனோ லகுனாவுல சுவிஸ்காரர் அலைன் மெனு, கூட 1992 சாம்பியன் டிம் ஹார்வி. ஃபோர்டு மான்டியோவுல நியூசிலாந்து பால் ரேடிசிச், கூடவே டீம் ஓனர் ஆண்டி ரௌஸ், இந்த மனுஷன் நாலு தடவை சாம்பியன் (1975, 1983, 1984, 1985), ஓட்டுனரா இதுதான் கடைசி சீசன். வாக்ஸ்ஹால் கேவலியர்ல ஸ்காட்லாந்து ஜான் கிளீலண்ட், டொயோட்டா கரீனாவுல 1991 சாம்பியன் வில் ஹாய். ஆக 1991, 92, 93 மூணு வருஷ சாம்பியன்களும் அதே கிரிட்ல நிக்கிறாங்க. அதுக்கு நடுவுல இத்தாலியில இருந்து ரெண்டு பேரு வந்து இறங்குறாங்க.

4. ஆல்ஃபா ரோமியோ எதுக்கு இங்கிலாந்துக்கு வந்துச்சு?

அப்ப ஆல்ஃபாவோட ரேஸ் பிரிவான ஆல்ஃபா கோர்சே உச்சத்துல இருந்துச்சு. 1992ல இத்தாலி சாம்பியன்ஷிப், 1993ல ஜெர்மனியோட டூரிங் கார் சாம்பியன்ஷிப்பான டிடிஎம், ரெண்டையும் நிக்கோலா லாரினி 155 வெச்சு அடிச்சுட்டார். அதுவும் டிடிஎம்ல மெர்சிடிஸை அவங்க ஊர்லயே போய் தோக்கடிச்சது. அடுத்து எங்கன்னு பார்த்தா, டிவியில நல்லா ஓடுறது பிரிட்டன்தான். பிபிசியில முர்ரே வாக்கர் குரல்ல ஹைலைட்ஸ் வரும், ரேஸ் சின்னது, கார் கார் மேல உரசும், ஜனங்க உக்காந்து பார்ப்பாங்க. கார் விக்கிறவனுக்கு இதை விட என்ன விளம்பரம் வேணும்.

ஒரு விஷயம் குழப்பிக்காதீங்க. டிடிஎம்ல ஓடுன 155 வேற ஜென்மம், வி6 இன்ஜின், நாலு சக்கர டிரைவ், பேருக்குத்தான் 155. பிரிட்டனுக்கு வந்தது 2 லிட்டர், முன் சக்கர டிரைவ். ஆனா ஆட்கள் அதே ஆட்கள், அந்த அனுபவமும் அதே அனுபவம். ஓட்டுனது கேப்ரியலே டார்க்வினி, ஜியாம்பியரோ சிமோனி.

5. சரி, அந்த விங் விவகாரம்தான் என்ன?

ரேஸ் கார் ஷோரூம் கார் மாதிரியே இருக்கணும்னு ரூல் சொல்லுதுல்ல, ஆல்ஃபாக்காரங்க அதைத் திருப்பிப் போட்டு யோசிச்சாங்க. ரேஸ் காருக்கு விங் வேணும்னா ஷோரூம் கார்லயே விங் வெச்சு வித்துட்டாப் போச்சு. ஒரு ஸ்பெஷல் மாடலை ரேஸுக்குத் தகுதியாக்க 2,500 கார் தயாரிச்சாப் போதும். அப்படி வந்ததுதான் 155 சில்வர்ஸ்டோன், பேரே இங்கிலாந்து ட்ராக் பேரு, எதுக்காகச் செஞ்சாங்கங்கிறதை மறைக்கக் கூட இல்ல.

அந்தக் காரை வாங்கினா பின்னாடி டிக்கி மூடி மேல ஒரு ஸ்பாய்லர் இருக்கும், பார்க்க சாதுவாத்தான் இருக்கும், தாழ்வா மூடியோட ஒட்டி. ஆனா அதை உசத்தி வைக்கிறதுக்கான பிராக்கெட்டு தனியா டிக்கிக்குள்ள கிடக்கும். கம்பெனியில மாட்டித் தர மாட்டாங்க, கார் வாங்குனவரு வேணும்னா மாட்டிக்கலாம். முன்னாடி பம்பருக்குக் கீழ இருக்கிற ஸ்பாய்லரும் அதே மாதிரிதான், உள்ள தள்ளி ஒரு பொசிஷன், வெளிய இழுத்து ஒரு பொசிஷன். ரேஸ் கார்ல ரெண்டையும் முழுசா உசத்தி, முழுசா இழுத்து ஓட்டுனாங்க. கேட்டா, இது எங்க ஷோரூம் கார்லயே வர்ற பார்ட்தானே, பேப்பர்லயும் அப்படித்தானே அப்ரூவ் ஆயிருக்குன்னு பதில்.

மத்த ஒன்பது கம்பெனியும் விங் இல்லாத மொட்டை காரோட வந்து நிக்குது. முதல் 5 ரேஸையும் டார்க்வினி ஒருத்தரே ஜெயிச்சார்.

6. ஒரு விங்குக்கு அவ்வளவு பவரா? கார் மொத்தமுமே நல்ல காரா இருந்திருக்கலாமே?

நல்ல கார்தான், அதுல சந்தேகமே இல்ல, விங் இல்லாமலே முன் வரிசையில நின்னிருக்கும். ஆனா வித்தியாசம் எங்கன்னா, சாதாரண சலூன் கார் வேகமாப் போறப்ப மேல ஓடுற காத்து காரை லேசாத் தூக்கப் பார்க்கும், குறிப்பா பின்பக்கம். 100 கிலோமீட்டர் வேகத்துல தெரியாது, 200ஐத் தாண்டி ஒரு வளைவுல ஸ்டியரிங் திருப்பும்போது பின்பக்கம் லேசாகுறது ஓட்டுறவனுக்கு இடுப்புலயே தெரியும். அந்தத் தூக்கலைக் குறைச்சா போதும், கீழ அழுத்தக் கூட வேண்டாம், ஓட்டுறவன் தைரியமா காலை அமுக்குவான்.

விங் டிக்கி மூடியோட ஒட்டி இருந்தா கூரையில இருந்து இறங்குற கலங்குன காத்துதான் அதுக்குக் கிடைக்கும், கொஞ்சம் உசத்தினா சுத்தமான காத்து கிடைக்கும், வேலை பல மடங்கு நல்லா நடக்கும். பின்பக்கத்தை மட்டும் அழுத்தினா முன்பக்கம் வழுக்கும், அதுக்குத்தான் முன்னாடி ஸ்பாய்லரையும் வெளிய இழுக்கிறது. ரெண்டும் சேர்ந்தாத்தான் பேலன்ஸ். அதனால இதை "விங் மேட்டர்"னு எல்லாரும் சொன்னாலும் என்னைக் கேட்டா பாதி வேலை பண்ணது அந்த முன் ஸ்பாய்லர்தான், முன் சக்கரம் இழுக்கிற காருக்கு மூக்கு தரையோட ஒட்டி நிக்கிறது எவ்வளவு பெரிய வரம்னு ஓட்டுறவங்களைக் கேட்டாத் தெரியும். இன்னொரு லாபமும் உண்டு, கார் வழுக்காம இருந்தா டயர் சூடு கம்மி, ரேஸ் கடைசி வரைக்கும் டயர் உயிரோட இருக்கும்.

த்ரக்ஸ்டன் மாதிரி ட்ராக்ல இது இன்னும் அதிகம். பிரிட்டன்லயே வேகமான ட்ராக் அது, பழைய விமானத் தளத்தைச் சுத்தி ஓடுற ரோடு, பின்பாதி முழுக்க காலை எடுக்காமப் போற நீள வளைவுகள். சீசன் ஆரம்பிச்சதே ஏப்ரல்ல அங்கதான். மத்த டீம் ஆட்களுக்கு முதல் நாளே வயித்தைக் கலக்கியிருக்கும்.

7. அப்ப இது சீட்டிங்தானே?

இதுக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருக்காங்க, சண்டை இன்னும் முடியல.

எதிர்த்தவங்க வாதம்: ரூலோட நோக்கம் ஜனங்க வாங்குற காரை ரேஸ்ல பார்க்கணும்ங்கிறது, டிக்கிக்குள்ள பையில கிடக்கிற பிராக்கெட்டை மாட்டிக்கிட்டு எவன் ரோட்ல போவான், காரு எந்த பொசிஷன்ல விக்கப்படுதோ அந்த பொசிஷன்லதான் ஓடணும். ஆல்ஃபா வாதம்: காரோட சேர்த்து விக்கிற பார்ட் காரோட பார்ட்தான், ரூல்ல எங்கயும் மாட்டித்தான் விக்கணும்னு எழுதல.

நான் ஆல்ஃபா பக்கம்தான். ரூல் புக் எல்லார் கையிலயும் ஒண்ணுதான் இருந்துச்சு, பத்து கம்பெனியில ஒருத்தன் மட்டும் கடைசி பக்கம் வரைக்கும் படிச்சிருக்கான். பிஎம்டபிள்யூவும் ஃபோர்டும் அதுக்கு முன்னாடி பத்து வருஷமா இதே வேலையை வேற வேற கார்ல செஞ்சவங்கதான், பிஎம்டபிள்யூ எம்3யும் சியரா ஆர்எஸ்500ம் ரேஸுக்காகவே பொறந்த ரோடு கார்தானே, அதுலயும் உசரமான விங்தானே இருந்துச்சு. தனக்கு நடக்கும்போது புத்திசாலித்தனம், அடுத்தவன் செஞ்சா ஏமாத்துன்னா எப்படி. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், ரூலோட எழுத்தை மட்டும் பார்த்து நோக்கத்தை விட்டுட்டா என்ன விலை குடுக்கணும்ங்கிறது கேள்வி 18ல வருது, அந்த விலையை ஆல்ஃபா மட்டும் குடுக்கல.

இதுல ஒரு வேடிக்கை: புகாரை முன்னாடி நின்னு தூக்கினது ஃபோர்டு பக்கம், அதாவது ஆண்டி ரௌஸ் டீம். சாம்பியன்ஷிப்பை நடத்துற டோகா அமைப்பை ஆலன் கௌவோட சேர்ந்து ஆரம்பிச்சவங்கள்ல ரௌஸும் ஒருத்தர். ஆல்ஃபாக்காரங்களுக்கு இது எப்படிப் பட்டிருக்கும்னு சொல்லவே வேண்டாம்.

8. ஓல்ட்டன் பார்க்ல ஆல்ஃபா ஏன் ஓடல?

புகார் மேல புகார் போயி, மே மாசக் கடைசியில ஓல்ட்டன் பார்க் ரேஸ் வார இறுதியில, விங்கை இறக்கி ஸ்பாய்லரை உள்ள தள்ளித்தான் ஓடணும்னு ஆர்டர் வந்துச்சு. ஆல்ஃபா டீம் அதுக்கு ஒத்துக்கல. பெட்டி கட்டிட்டு, காரை லாரியில ஏத்திட்டு கிளம்பிட்டாங்க. சாம்பியன்ஷிப்ல முன்னாடி இருக்கிற டீம், ஓடாம வீட்டுக்குப் போகுது. டிக்கெட் வாங்கி வந்தவனுக்கு என்ன மிஞ்சும்.

அதுக்கு முன்னாடி எடுத்த பாயிண்ட்ஸுக்கே ஆபத்துங்கிற வரைக்கும் போச்சு, அப்புறம் அப்பீல், பேச்சுவார்த்தைன்னு இழுத்து, கடைசியில ஒரு சமரசம்: எடுத்த பாயிண்ட்ஸ் ஆல்ஃபாவுக்கே, ஜூலை 1 வரைக்கும் உசத்தின விங்கோட ஓடலாம், அதுக்கப்புறம் இறக்கணும். ரெண்டு பக்கமும் ஜெயிச்சோம்னு சொல்லிக்கிற மாதிரியான தீர்ப்பு. நிஜத்துல ஆல்ஃபாவுக்குத்தான் லாபம், ஏன்னா சேர்த்து வெச்ச பாயிண்ட்ஸ் மலை மாதிரி இருந்துச்சு, மத்தவன் அதை ஏறி வரணும்.

9. விங்கை இறக்கின அப்புறம் என்ன ஆச்சு?

போட்டி கிட்ட வந்துச்சு, அதுதான் உண்மை. மெனு, ரேடிசிச், கிளீலண்ட், விங்கெல்ஹாக்னு எல்லாரும் வேகத்தைக் காட்ட ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள மத்த கம்பெனிகளும் முழிச்சுக்கிட்டு, புலம்புறதை நிறுத்திட்டு அவங்களும் விங் வெச்ச ஸ்பெஷல் மாடல் தயாரிக்கப் போயிட்டாங்க, பிஎம்டபிள்யூ விங் வெச்ச நாலு கதவு 318ஐஎஸ் ஸ்பெஷல் ஒண்ணை 2,500 கணக்குல இறக்குச்சு, ரெனோ லகுனாவும் விங்கோட வந்துச்சு. நேத்து வரைக்கும் அநியாயம்னு சொன்னது இன்னைக்கு அவங்க கார்லயும் முளைச்சிருச்சு.

டார்க்வினி மொத்தம் 8 ரேஸ் ஜெயிச்சு சாம்பியன் ஆனார், மெனு ரெண்டாவது, ரேடிசிச் மூணாவது. கம்பெனிகளுக்கான பட்டமும் ஆல்ஃபாவுக்கே. முதல் 5 போக மீதி 3 வெற்றிதானேன்னு சிலர் குறைச்சுப் பேசுவாங்க. ஜெயிக்காத ரேஸ்லயும் பாயிண்ட்ஸ் பொறுக்கிக்கிட்டே இருந்தாருங்கிறதை விட்டுடுவாங்க.

10. பாயிண்ட்ஸ் எப்படி?

முதல் இடத்துக்கு 24, அப்புறம் 18, 12, 10, 8, 6, 4, 3, 2, 1. சீசன்ல மொத்தம் 21 ரேஸ், 13 வார இறுதி, சில இடத்துல ஒண்ணு, சில இடத்துல ரெண்டு. முதலுக்கும் மூணாவதுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம் பாருங்க, அஞ்சு ரேஸ் தொடர்ந்து ஜெயிச்சா 120, அதே அஞ்சுலயும் மூணாவது வந்தவனுக்கு 60. அதனாலதான் ஏப்ரல், மே மாசத்துலயே பாதி கதை முடிஞ்சிருச்சு.

11. டார்க்வினி கார் உருண்ட வீடியோ இந்த சீசன்தானா?

ஆமா, ஸ்காட்லாந்துல நாக்ஹில். சின்ன ட்ராக், சுத்து ரெண்டு கிலோமீட்டர் சொச்சம், மேடும் பள்ளமுமா இருக்கும், கெர்ப் (வளைவு ஓரத்துல இருக்கிற மேட்டு விளிம்பு) எல்லாம் காரைத் தூக்கிப் போடும். ஆல்ஃபா பக்கவாட்டுல உருண்டு உருண்டு போகும், கண்ணாடி, பம்பர் எல்லாம் பறக்கும். மனுஷன் பெரிய அடி இல்லாம தப்பிச்சார். ரோல் கேஜ் எதுக்குப் போடுறாங்கன்னு யாராவது கேட்டா இந்த ஒரு வீடியோவைக் காட்டுங்க.

12. வால்வோ ஸ்டேஷன் வேகன் நிஜமாவே ரேஸ்ல ஓடுச்சா, இல்ல விளம்பரத்துக்காகவா?

ரெண்டும். வால்வோ 850 எஸ்டேட், டாம் வாக்கின்ஷாவோட டிடபிள்யூஆர் டீம் தயாரிச்சது, ஓட்டுனது ஸ்வீடன் ரிக்கார்ட் ரைடெல், நெதர்லாந்து யான் லாமர்ஸ். லாமர்ஸ் யாருன்னா 1988ல ஜாகுவார்ல லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ் ஜெயிச்சவர். அவரை மளிகை சாமான் ஏத்துற வண்டியில உக்கார வெச்சா எப்படி இருக்கும், போட்டோவுல முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

வால்வோன்னா பாதுகாப்பு, வயசானவங்க வண்டி, போரடிக்கும்னு ஒரு பேரு அப்ப. அதை உடைக்கணும், அதே சமயம் மொத வருஷமே ஜெயிக்க முடியாதுன்னும் தெரியும், சாதாரண சலூனோட வந்து 12வது இடத்துல ஓடினா ஒரு கேமராவும் திரும்பாது, எஸ்டேட்டோட வந்தா கடைசியில ஓடினாலும் எல்லா பேப்பர்லயும் போட்டோ வரும். மத்த டீம்கள் கிண்டலடிச்சப்ப, ரசிகர்கள் முன்னாடி ஒரு பரேடு சுத்துல காரோட பின்பக்கம் பெரிய பொம்மை நாய் ஒண்ணை உக்கார வெச்சு ஓட்டுனாங்க. கிண்டலுக்கு அதை விட நல்ல பதில் கிடையாது.

டெக்னிக்கலாவும் அது முட்டாள்தனம் இல்ல. விங் இல்லாத ரூல்ல, நீளமான கூரையால காத்து கொஞ்சம் ஒழுங்கா பின்னாடி வரைக்கும் போகும்னு ஒரு கணக்கு. ஆனா பின்பக்கம் மேல வெயிட் அதிகம், முதல் வருஷக் கார் வேற. பெஸ்ட் ரிசல்ட் 5வது இடம். 1995ல எல்லாருக்கும் விங் அனுமதின்னு ரூல் மாறினதும் எஸ்டேட்டுக்கு வேலை இல்லாமப் போச்சு, 850 சலூனுக்கு மாறிட்டாங்க. அதே ரைடெல் 1998ல வால்வோ எஸ்40ல சாம்பியன் ஆனார். ஆனா யாரைக் கேட்டாலும் ஞாபகம் இருக்கிறது எஸ்டேட்தான், சாம்பியன் காரு இல்ல.

13. டார்க்வினி ஃபார்முலா 1 ஓட்டுனவரா?

ஆமா, பாவப்பட்ட கேஸ். 78 கிராண்ட் பிரிக்ஸுக்கு என்ட்ரி, ஸ்டார்ட் பண்ணது 38 தான். அப்பல்லாம் கார் அதிகம், அதனால வெள்ளிக்கிழமை காலையிலயே ஒரு வடிகட்டு ரவுண்டு நடக்கும், அதுல தேறலன்னா மெயின் குவாலிஃபையிங்குக்கே விட மாட்டாங்க. கொலோனி, ஏஜிஎஸ், ஃபாண்ட்மெட்டல்னு சின்னச் சின்ன டீம்கள்ல ஓட்டி அதுலயே காலம் போச்சு. மொத்த ஃபார்முலா 1 வாழ்க்கையில 1 பாயிண்ட், 1989 மெக்சிகோவுல.

அதே ஆளுக்கு ஒழுங்கான காரைக் குடுத்ததும் என்ன பண்ணார்னு 1994 சொல்லுது. அதோட நிக்கல, 2003ல ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன், 2009ல சியட் ஓட்டி உலக சாம்பியன், அப்ப வயசு 47. அப்புறம் 2018ல ஹூண்டாய் ஓட்டி டபிள்யூடிசிஆர் (உலக டூரிங் கார் கோப்பை) பட்டம், வயசு 56. விங் இருந்ததாலதான் ஜெயிச்சார்னு சொல்றவங்களுக்கு இந்த லிஸ்டே போதும்.

14. ஃபார்முலா 1 சாம்பியன் நைஜல் மேன்செல் மோதி மயங்குன ரேஸ் இந்த சீசனா?

இல்ல. அது 1993 அக்டோபர், டானிங்டன் பார்க், சாம்பியன்ஷிப்ல சேராத டோகா ஷூட்அவுட் ரேஸ், ஃபோர்டு மான்டியோவுல ஓட்டி சுவர்ல போய் மோதுனார். சாம்பியன்ஷிப் ரேஸ்ல அவர் ஓட்டுனது 1998ல.

15. கிளீலண்ட் கார் ரெண்டு சக்கரத்துல நிக்குமே, அது?

அது 1992 கடைசி ரேஸ், சில்வர்ஸ்டோன். டிம் ஹார்விக்கு உதவ வந்த டீம்மேட் ஸ்டீவ் சோப்பரும் ஜான் கிளீலண்டும் முட்டிக்கிட்டு ரெண்டு பேரும் வெளிய, பட்டம் ஹார்விக்கு. 1994ல இதுல சம்பந்தப்பட்டவங்க இருக்காங்க, சம்பவம் இல்ல.

16. கம்பெனி காசு இல்லாதவங்களுக்கு இடம் இருந்துச்சா?

தனியார் டீம்களுக்குன்னு தனிப் போட்டி உண்டு, 1994ல ஜேம்ஸ் கே டொயோட்டா கரீனாவுல ஜெயிச்சார். ஆனா ஒட்டுமொத்த ரேஸ்ல கம்பெனி டீமை ஜெயிக்கிறது நடக்காத காரியம். எவ்வளவு நடக்காத காரியம்னா, ஒரு தனியார் டீம் ஜெயிச்சா 2,50,000 பவுண்டு தர்றேன்னு ஆலன் கௌ பின்னாடி அறிவிச்சார், 1999ல டானிங்டன்ல மேட் நீல் நிஜமாவே ஜெயிச்சு செக்கை வாங்கிட்டுப் போனார்.

17. அடுத்த வருஷம் ஆல்ஃபா என்ன ஆச்சு?

தடம் புரண்டுச்சு. 1995ல டீமை நடத்துற பொறுப்பு பிரிட்டனோட புரோடிரைவ் கிட்ட போச்சு, ஓட்டுறதுக்கு சிமோனியும், முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுனர் டெரிக் வார்விக்கும். இப்ப எல்லார் கார்லயும் விங் இருக்கு, ஆல்ஃபாவோட தனி லாபம் போச்சு, மத்தவங்க புதுக் காரோட முன்னேறிட்டாங்க, நடுவுல டார்க்வினியையே திரும்பக் கூப்பிட்டும் தேறல. அந்த சீசனோட கடையைச் சாத்திட்டாங்க. 1995 பட்டம் கிளீலண்டுக்கு, வாக்ஸ்ஹால் கேவலியர்ல. சாம்பியன் டீம் ஒரே வருஷத்துல காணாமப் போனதைப் பார்த்துட்டு, சில பேரு இதை வெச்சு "பார்த்தியா, விங் இல்லன்னா ஒண்ணும் இல்ல"ன்னு சொல்வாங்க, ஆனா 1995ல ஓடுனது ஆல்ஃபா கோர்சே இல்லைங்கிறதையும் கணக்குல எடுக்கணும்.

18. இந்த விங் சண்டையாலதான் சூப்பர் டூரிங் (அதாவது இந்த 2 லிட்டர் ரூல்ஸ் ரேஸ்) அழிஞ்சுதுன்னு சொல்றாங்களே?

நேரடியா இல்ல, ஆனா கதவைத் திறந்து விட்டது இதுதான். 1995ல முன்னாடி ஸ்பிளிட்டர் (பம்பருக்குக் கீழ நீட்டுற தட்டு), பின்னாடி விங் எல்லாருக்கும் அனுமதி, இன்ன அளவுக்குள்ள இருக்கணும்னு ரூல் வந்துச்சு. நியாயமான தீர்வு மாதிரித்தான் தெரியும். ஆனா விங் வந்தா விண்ட் டனல் (காத்தை அடிச்சு காரைச் சோதிக்கிற கூடம்) வரும், விண்ட் டனல் வந்தா அதுக்கு ஆள், அந்த ஆளுக்குச் சம்பளம், பக்கத்து டீம் 3 மணி நேரம் டெஸ்ட் பண்ணா நாம 30 மணி நேரம்னு போயிட்டே இருக்கும். 1996ல ஆடி நாலு சக்கர டிரைவ் ஏ4 குவாட்ரோவோட வந்து ஃபிராங்க் பீலா பட்டத்தைத் தூக்கிட்டுப் போனார், செலவு இன்னொரு படி ஏறுச்சு. ஜெயிக்கிறது ஒருத்தர்தானே, மீதி கம்பெனி ஓனர்லாம் கணக்குப் புக்கைப் பார்த்துட்டு ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. 2000ல கம்பெனி டீம்னு மிஞ்சினது ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸ்ஹால் மூணுதான். 1994ல பத்து. 2000 பட்டத்தை மான்டியோவுல மெனு ஜெயிச்சதோட சூப்பர் டூரிங் பிரிட்டன்ல முடிஞ்சுது, 2001ல செலவு கம்மியான புது ரூல்ஸ் வந்துச்சு.

ஆல்ஃபா மட்டும் 1994ல அந்த வேலையைச் செய்யாம இருந்தா வேற யாராவது 1995ல செஞ்சிருப்பாங்க. ஓட்டையை விட்டு எழுதினவங்களைத்தான் சொல்லணும், "காரோட விக்கப்படுற பொசிஷன்ல"ன்னு ரெண்டு வார்த்தை சேர்த்திருந்தா டிக்கிக்குள்ள இருந்த பிராக்கெட்டு டிக்கிக்குள்ளயே இருந்திருக்கும்.

19. அதே வருஷம் உலகக் கோப்பைன்னு ஒண்ணு நடந்துச்சாமே?

ஆமா, 2 லிட்டர் ரூல் பிரிட்டன்ல ஓடுறதைப் பார்த்து உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ உலகம் முழுக்க எடுத்துக்கிச்சு, ஒவ்வொரு நாட்டு சாம்பியன்ஷிப்ல இருந்தும் ஆட்கள் வந்து ஒரே இடத்துல மோதுற மாதிரி ஒரு ரேஸ் வெச்சாங்க. 1993ல மோன்சா, 1994ல டானிங்டன். ரெண்டையும் ஜெயிச்சது ரேடிசிச், மான்டியோவுல. பிரிட்டன் பட்டம் மட்டும் அவருக்குக் கடைசி வரைக்கும் கிடைக்கல.

20. எந்த ரேஸ்ல இருந்து பார்க்க ஆரம்பிக்கிறது?

த்ரக்ஸ்டன்ல ஆரம்பிங்க, ஆல்ஃபா வேகமான வளைவுகள்ல மட்டும் எப்படிப் பிரிஞ்சு போகுதுன்னு பாருங்க, நேர் ரோட்ல மத்த காரும் கூடவே வரும். அப்புறம் ஓல்ட்டன் பார்க், ஆல்ஃபா இல்லாத கிரிட். அடுத்து நாக்ஹில். இது மூணும் பார்த்தப்புறம் டைம் இருந்தா சீசன் முழுக்கப் பாருங்க, இல்லன்னா வால்வோ வர்ற இடத்தை மட்டுமாவது தேடிப் பாருங்க, பிராண்ட்ஸ் ஹேட்ச் மாதிரி குறுகுன ட்ராக்ல அந்த நீள வண்டி கெர்ப் மேல ஏறி மூணு சக்கரத்துல நின்னு திரும்பும்.